இரட்டையர் எடுத்த படம் யாருக்குச் சொந்தம்? ஆஸ்திரேலியத் தயாரிப்பு முறை: ஒரு விளக்கம்

45 லட்சம் அமெரிக்க டாலரில் எடுக்கப்பட்ட ஒரு பேய்ப்படம் உலகம் முழுக்க 9 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. எடுத்தவர்கள் அடிலெய்டைச் சேர்ந்த இரட்டைச் சகோதரர்கள், டேனி பிலிப்பூவும் மைக்கேல் பிலிப்பூவும். 2023இல் ‘டாக் டு மீ’ வெளியானபோது செய்திகள் இந்த இரண்டு எண்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் போட்டன. படித்தவர்கள் பலர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சம் எட்டரைக் கோடியும் சகோதரர்களின் வங்கிக் கணக்கில் விழுந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இந்தக் கழித்தல் கணக்கு தப்பு. அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் இரட்டையர்கள் சேர்ந்து படமெடுக்கும் செய்தி வரும்போதெல்லாம், ஒருவர் மனதை இன்னொருவர் படிப்பார், சொல்லாமலே புரிந்துகொள்வார் என்ற கதைதான் முன்னால் வருகிறது. அந்தப் படத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, உரிமை யார் கையில் இருக்கிறது என்பது பின்னால் போய்விடுகிறது. இரட்டையராக இருப்பது முதல் படத்தை எடுத்து முடிக்க நன்றாகவே உதவுகிறது. இரண்டாவது படத்திலிருந்து அவர்கள் தலையெழுத்தை எழுதுவது வரிச்சட்டமும் ஒப்பந்தமும்தான். இதைப் புரிந்துகொள்ள அடியிலிருந்து வரவேண்டும்.

யார் இந்த இரட்டையர்கள்?

ஆஸ்திரேலியாவில் பேசத்தக்க இரட்டையர் ஜோடிகள் இரண்டு.

முதலாவது மைக்கேல் ஸ்பியரிக், பீட்டர் ஸ்பியரிக். 1976இல் ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதிலேயே ஆஸ்திரேலியா வந்து, குவீன்ஸ்லாந்தின் பிரிஸ்பேனில் வளர்ந்தவர்கள். ‘அன்டெட்’ (2003), ‘டேபிரேக்கர்ஸ்’ (2009), ‘பிரிடெஸ்டினேஷன்’ (2014), ‘ஜிக்ஸா’ (2017), ‘வின்செஸ்டர்’ (2018) ஆகியவை இவர்கள் இயக்கிய படங்கள். இவற்றில் முதலாவதையும் மூன்றாவதையும் தயாரித்தவர்கள் பட்டியலிலும் இவர்கள் பெயர் உண்டு; மற்றவற்றில் தயாரிப்பாளர் என்ற பெயர் இவர்களுக்கு இல்லை. இந்த வேறுபாடுதான் நமக்கு முக்கியம், கொஞ்சம் தள்ளி வருகிறேன்.

இரண்டாவது ஜோடி மேலே சொன்ன பிலிப்பூ சகோதரர்கள். 1992இல் பிறந்தவர்கள். 2013இல் ‘ராக்காராக்கா’ என்ற யூடியூப் சேனலைத் தொடங்கி, ரத்தமும் அடிதடியும் கேலியுமாகக் குறும்படங்கள் போட்டு லட்சக்கணக்கில் ஆட்களைச் சேர்த்தார்கள். 2022இல் அடிலெய்டு திரைப்பட விழாவில் முதல் முழுநீளப் படமான ‘டாக் டு மீ’யைக் காட்டினார்கள். 2023 ஜனவரியில் அது அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவுக்குப் போனது. அங்கே அமெரிக்க விநியோக நிறுவனமான ஏ24 அதை வாங்கியது. அடுத்த படமான ‘பிரிங் ஹெர் பேக்’ 2025இல் வந்தது.

ஓர் உபரித் தகவல். ‘மேட் மேக்ஸ்’ படங்களை எடுத்த ஜார்ஜ் மில்லரும் இரட்டையரில் ஒருவர்தான். அவரும் ஜான் என்ற இரட்டைச் சகோதரரும் சேர்ந்தே மருத்துவம் படித்தார்கள். ஆனால் ஜார்ஜோடு சினிமாவில் தயாரிப்பாளராக நின்றவர் இன்னொரு சகோதரரான பில் மில்லர். இரட்டையராகப் பிறந்தால் சேர்ந்து தொழில் செய்துதான் ஆகவேண்டும் என்று விதியில்லை.

அங்கே தயாரிப்பாளர் என்பவர் யார்?

நம்மில் பெரும்பாலானோர் மனதில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். ஆஸ்திரேலியாவில் அப்படியில்லை. தயாரிப்பாளர் தன் பணத்தைப் போடுவது அரிது. பல இடங்களிலிருந்து பணத்தைத் திரட்டி, அத்தனை பேருக்கும் கணக்குச் சொல்லிப் படத்தை முடித்துக் கொடுப்பவர் அவர். பெயர்ப்பட்டியலில் வரும் ஆட்களைப் பிரித்துப் பார்க்கலாம்:

1. தயாரிப்பாளர்: கதை உரிமையை வாங்குவதில் தொடங்கி, நிதி, ஆட்கள், படப்பிடிப்பு, விற்பனைவரை பொறுப்பேற்பவர். படத்தின் உரிமை பொதுவாக இவருடைய நிறுவனத்தின் வழியாகவே ஓடும்.

2. நிர்வாகத் தயாரிப்பாளர்: இந்தப் பட்டத்துக்கு நிலையான பொருள் கிடையாது. பணம் கொண்டுவந்தவர், விற்பனை முகவர், சில நேரம் நடிகர் என்று யாருக்கும் போகும். பட்டியலில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் வேலை பார்த்தார்கள் என்று நினைக்க வேண்டாம்.

3. தனி நோக்க நிறுவனம்: ஒரே ஒரு படத்துக்காகத் தொடங்கப்படும் கம்பெனி. ஒப்பந்தங்கள், செலவு, வரித் திருப்பம் (வரி அலுவலகம் திருப்பித் தரும் தொகை) எல்லாம் இதன் பெயரில். படம் கடனில் மூழ்கினால் தாய் நிறுவனம் மூழ்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

4. விற்பனை முகவர்: நாடு நாடாகப் படத்தை விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுப்பவர்.

5. நிறைவு உத்தரவாத நிறுவனம்: படம் பாதியில் நிற்காது, பட்ஜெட்டைத் தாண்டினால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பணம் போட்டவர்களுக்கு உறுதி தருவது. கட்டணம் வாங்கும், படப்பிடிப்பில் தலையிடும் அதிகாரமும் வைத்திருக்கும்.

‘டாக் டு மீ’யில் தயாரிப்பாளர்கள் என்ற இடத்தில் இருப்பவர்கள் சமந்தா ஜென்னிங்ஸ், கிறிஸ்டினா செய்டன். காஸ்வே ஃபிலிம்ஸ் இவர்களுடைய நிறுவனம். 2014இல் ‘தி பாபடூக்’ என்ற பேய்ப்படத்தைக் கொடுத்த நிறுவனம் அது. அந்தப் படம் அடிலெய்டில் எடுக்கப்பட்டபோது பிலிப்பூ சகோதரர்கள் அங்கே சின்னச் சின்ன வேலை பார்த்த பையன்கள். ஒரு படப்பிடிப்புத் தளத்தில் எடுபிடி வேலை பார்த்துக் கிடைத்த அறிமுகம், பல ஆண்டு கழித்து அவர்களுடைய முதல் படத்துக்கு வழியானது. யூடியூப் புகழ் மட்டுமே போதும் என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

பணம் வரும் வழி

ஆஸ்திரேலிய சினிமாவின் வரலாறு ஒரு வகையில் வரிச்சலுகையின் வரலாறு. மக்கள்தொகை குறைவு. உள்ளூர்த் திரையரங்க வசூலை மட்டும் நம்பி ஆங்கிலப் படம் எடுத்தால், அதே மொழியில் வந்து இறங்கும் ஹாலிவுட் படத்தோடு மோதவேண்டும். ஆகவே அரசு கைகொடுக்காமல் அங்கே தொழில் நடக்காது. எப்படிக் கைகொடுப்பது என்பதில்தான் சட்டம் மாறிக்கொண்டே வந்தது.

1981இல் வந்தது 10பிஏ என்று அறியப்படும் வரிப்பிரிவு. படத்தில் 100 டாலர் முதலீடு செய்தால் 150 டாலரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அந்நாளில் உச்ச வரிவிகிதம் 60 சதவீதம். 150இல் 60 சதவீதம் 90. அதாவது மேல்தட்டு வருமானக்காரர் ஒருவர் 100 டாலர் போட்டால் 90 டாலர் வரியில் மிச்சம்; அவருடைய உண்மையான ஆபத்து 10 டாலர்தான். படம் எப்படி இருந்தால் அவருக்கென்ன? பல் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் படத்தில் பணம் போட்டார்கள். நிதியாண்டு ஜூன் 30இல் முடிவதால் அதற்குள் பணத்தைச் செலவிட்டாக வேண்டும் என்று படப்பிடிப்புகள் நெருக்கியடித்தன. நல்ல படங்களும் வந்தன, குப்பையும் வந்தது. 1983இல் 133 சதவீதம், 1985இல் 120 சதவீதம் என்று சலுகையைக் குறைத்து, 1988இல் 100க்குக் கொண்டுவந்து, நேரடியாக முதலீடு செய்ய ஒரு திரைப்பட நிதிக் கழகத்தை அரசு தொடங்கியது.

இப்போதுள்ள முறை 2007இல் வந்தது. தயாரிப்பாளர் வரித் திருப்பம் என்று சொல்லலாம். அதன் இயக்கம் இது:

1. ஆஸ்திரேலியாவில் செய்யும் தகுதியுள்ள செலவில் ஒரு பங்கை வரி அலுவலகம் தயாரிப்பு நிறுவனத்துக்குத் திருப்பித் தரும். திரையரங்கில் வெளியாகும் முழுநீளப் படத்துக்கு 40 சதவீதம். தொலைக்காட்சி, ஓடிடி தொடர்களுக்கு முன்பு 20 சதவீதமாக இருந்தது; 2021 ஜூலை முதல் 30.

2. இது கழிவு இல்லை, பணம். நிறுவனம் லாபம் காட்டாவிட்டாலும், கட்டவேண்டிய வரி பூஜ்யம் என்றாலும் தொகை கைக்கு வரும்.

3. முழுநீளப் படத்துக்கு அந்தத் தகுதியுள்ள செலவு குறைந்தது 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இருக்கவேண்டும்.

4. படத்தில் ‘கணிசமான ஆஸ்திரேலியத் தன்மை’ இருக்கவேண்டும். கதை எதைப் பற்றியது, எங்கே எடுக்கப்பட்டது, வேலை செய்தவர்கள் எந்த நாட்டினர், பணம் எங்கே செலவானது ஆகியவற்றைப் பார்த்து ஸ்கிரீன் ஆஸ்திரேலியா சான்று தரும். 2008இல் மூன்று பழைய அமைப்புகளை ஒன்றாக்கி உருவான அரசு நிறுவனம் அது. வெளிநாட்டோடு அதிகாரபூர்வக் கூட்டுத் தயாரிப்பு என்றால் இந்தத் தேர்வு தேவையில்லை.

5. பணம் வருவது படம் முடிந்து, செலவுக் கணக்குத் தணிக்கையாகி, வரிக்கணக்கும் தாக்கல் செய்த பிறகு.

கடைசிக் குறிப்பில்தான் சிக்கல் இருக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு. 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் பட்ஜெட், அதில் தகுதியுள்ள செலவு 55 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் என்றால் 22 லட்சம் திரும்பி வரும். ஆனால் வருவது கடைசியில். செலவு நடப்பது இப்போது. எனவே அந்த 22 லட்சத்தின் பேரில் தனியார் நிதி நிறுவனத்திடம் கடன் வாங்குவார்கள். வட்டியும் கட்டணமும் போக, படப்பிடிப்புக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. மீதி 38 லட்சத்துக்கு ஸ்கிரீன் ஆஸ்திரேலியா, மாநில அரசின் திரைப்பட அமைப்பு, விநியோகஸ்தர் முன்பணம், தனியார் முதலீடு என்று ஒவ்வொரு கதவாகத் தட்டவேண்டும். ஒரு கதவு திறக்காவிட்டால் மற்றவையும் மூடிக்கொள்ளும். எல்லாரும் ‘மற்றவர் கையெழுத்துப் போட்டாரா?’ என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள்.

இந்தத் திருப்பத்தொகையைத் தயாரிப்பாளர் படத்தில் போட்ட பங்காகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. 10பிஏ காலத்தில் சலுகை முதலீட்டாளரின் பைக்குப் போனது. இப்போது தயாரிப்பாளரின் கம்பெனிக்கு வருகிறது. கைக்காசு போடாத தயாரிப்பாளருக்கும் தன் படத்தில் உரிமைப் பங்கு இருக்க முடிகிறது என்றால் காரணம் இதுதான். என் பார்வையில் ஆஸ்திரேலிய சினிமாவில் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இது. எந்தப் படமும் எந்த நட்சத்திரமும் இதற்குச் சமமில்லை.

40க்கும் 30க்கும் உள்ள இடைவெளி இன்னொரு விஷயத்தையும் விளக்கும். ஓடிடியில் நேரே இறக்கியிருக்கக்கூடிய படத்தை எதற்கு மெனக்கெட்டுத் திரையரங்குக்குக் கொண்டுபோகிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. திரையரங்க வெளியீடு இல்லாவிட்டால் 10 சதவீதம் போச்சு.

இரட்டையர் இதில் எங்கே பொருந்துகிறார்கள்?

மேலே சொன்ன அமைப்பில் ஒரு ஓட்டை தெரியும். அரசுப் பணம், முன்பணம், உத்தரவாதம் எல்லாம் ஏற்கனவே படம் எடுத்துக் காட்டியவர்களுக்குத்தான் எளிது. புதியவர் முதலில் தன்னை நிரூபிக்கவேண்டும். நிரூபிக்கப் படம் வேண்டும். படத்துக்குப் பணம் வேண்டும். இந்த வட்டத்தை உடைக்கச் சம்பளமில்லாத உழைப்பு தேவை. ஆண்டுக்கணக்கில்.

இந்த இடத்தில்தான் இரட்டையருக்கு அனுகூலம். ஸ்பியரிக் சகோதரர்களின் ‘அன்டெட்’டை எடுத்துக்கொள்வோம். விண்கல் விழுந்து ஒரு மீனவ ஊர் நடமாடும் பிணங்களால் நிறையும் கதை. எழுத்து, இயக்கம், தயாரிப்பு, படத்தொகுப்பு, கணினி வழிக் காட்சி ஜாலங்கள் எல்லாம் இந்த இருவர்தான். வீட்டுக் கணினியில் உட்கார்ந்து காட்சி ஜாலங்களைச் செய்து முடித்தார்கள். பெரும்பாலும் சொந்தப் பணம். வெளியாளை வைத்துச் செய்திருந்தால் அந்தப் படம் அந்தச் செலவில் முடிந்திருக்காது. பிலிப்பூ சகோதரர்களின் யூடியூப் ஆண்டுகளும் இதே வகைதான். சண்டை அமைப்பது, கேமரா பிடிப்பது, வெட்டி ஒட்டுவது என்று இருவர் உழைப்பும் ஒரு வீட்டிலிருந்தே வந்தது.

கூர்ந்து பார்த்தால் இதில் மாயம் எதுவும் இல்லை. காரணங்களை இப்படி வரிசைப்படுத்தலாம்:

1. ஒரு வீட்டுச் செலவில் இரண்டு முழுநேரத் தொழிலாளர்கள். வாடகையும் சாப்பாடும் பகிர்ந்தது.

2. ஒரே வயது. அண்ணன் தம்பி என்றால் ஒருவர் படிக்கும்போது இன்னொருவர் வேலைக்குப் போயிருப்பார், ஒருவருக்குக் கல்யாணமாகியிருக்கும். இரட்டையரின் வாழ்க்கைக் கட்டங்கள் பெரும்பாலும் ஒரே காலத்தில் வருகின்றன.

3. சிறுவயதிலிருந்தே சேர்ந்து எடுத்த வீட்டுப் படங்கள். தொழில் பழகிய காலம் இருபது வயதில் தொடங்கவில்லை.

4. சண்டை போட்டாலும் கூட்டு உடையாது. நண்பர்கள் தொடங்கிய கம்பெனிகள் பல முதல் படத்தோடு பிரிவதைப் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

நான்காவதைத் தவிர மற்ற மூன்றும் பணமும் நேரமும் சம்பந்தப்பட்டவை. மனதைப் படிக்கும் கதைக்கு இதில் வேலையே இல்லை. அப்புறம் இன்னொன்று: இரட்டையர் என்பது ஒரு விளம்பரச் சரக்கும் கூட. விழாக்களில் ஆயிரம் புதிய இயக்குநர்கள் திரியும்போது ஒரே முகச்சாயலில் இருவர் வந்து நின்றால் பத்திரிகையாளர் நினைவில் வைத்துக்கொள்வார். அதில் தவறில்லை, ஆனால் அது காரணம் இல்லை.

முதல் படத்துக்கு அப்புறம்

‘அன்டெட்’டை அமெரிக்காவில் லயன்ஸ்கேட் நிறுவனம் வெளியிட்டது. அந்தத் தொடர்பில் அடுத்தது ‘டேபிரேக்கர்ஸ்’. சுமார் 2 கோடி அமெரிக்க டாலர் பட்ஜெட், குவீன்ஸ்லாந்தில் படப்பிடிப்பு, நடிப்பில் ஈத்தன் ஹாக், வில்லெம் டஃபோ, சாம் நீல். சகோதரர்கள் எழுதி இயக்கினார்கள், தயாரிப்பாளர்கள் வேறு. தொகை பெரிதானதும் தயாரிப்பு கை மாறுவது இயல்பு. பெரிய நிறுவனம் தன் ஆளைத்தான் அந்த நாற்காலியில் உட்கார வைக்கும்.

2014இன் ‘பிரிடெஸ்டினேஷ’னில் அவர்கள் தயாரிப்புக்குத் திரும்பினார்கள். பேடி மக்டொனால்ட், டிம் மெக்கஹன் ஆகியோருடன் இரு சகோதரர்களும் தயாரிப்பாளர்கள். ராபர்ட் ஹைன்லைன் எழுதிய காலப்பயணச் சிறுகதையை மெல்பர்னில் படமாக்கினார்கள். இசையைப் பீட்டரே அமைத்தார். அதில் நடித்த சாரா ஸ்னூக்குக்கு ஆஸ்திரேலியாவின் ஆக்டா விருதுகளில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அவருடைய உலகப் புகழுக்கு அங்கேதான் தொடக்கம் என்று சொல்பவர்கள் உண்டு.

மூன்றாண்டு கழித்து ‘ஜிக்ஸா’. இது ‘சா’ படவரிசையின் எட்டாவது படம். டொராண்டோவில் எடுக்கப்பட்டது. உலக வசூல் 10 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. ‘பிரிடெஸ்டினேஷ’னின் திரையரங்க வசூல் இதன் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை.

வசூலை மட்டும் பார்த்தால் ‘ஜிக்ஸா’ வெற்றி. ஆனால் அதில் சகோதரர்களுக்கு இருந்த இடம் சம்பள இயக்குநர். கதாபாத்திரங்கள், தலைப்பு, அடுத்த பாகம் எடுக்கும் உரிமை எல்லாம் வேறொருவருடையது. தயாரிப்பில் இருந்த படத்திலோ, வசூல் சிறிதென்றாலும், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு ஓடிடிக்கும் உரிமம் புதுப்பிக்கப்படும்போது பேச அவர்களுக்கு ஓர் இடம் இருக்கும். எது லாபம் என்பது அவரவர் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எது சொத்து என்பதில் சந்தேகம் இல்லை.

பிலிப்பூ சகோதரர்கள் இந்தப் பாடத்தை வேறு வழியில் எதிர்கொண்டார்கள். ‘டாக் டு மீ’ வந்ததும் ஹாலிவுட் கதவு திறந்தது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ வீடியோ விளையாட்டின் திரைப்பட வடிவத்தை இயக்க 2023இல் ஒப்பந்தமானார்கள், 2024இல் விலகிவிட்டார்கள். பிறகு அடிலெய்டுக்கே வந்து, அதே காஸ்வே தயாரிப்பாளர்களோடு, நடிகை சாலி ஹாக்கின்ஸை வைத்து அடுத்த படமான ‘பிரிங் ஹெர் பேக்’கை எடுத்தார்கள். இரண்டு படங்களின் திரைக்கதையிலும் பில் ஹின்ஸ்மனோடு டேனியின் பெயர் மட்டுமே இருக்கிறது. இயக்கத்தில் இருவர் பெயரும். இரட்டையர் எல்லாவற்றையும் சரிபாதியாகச் செய்கிறார்கள் என்ற நினைப்பை இந்தப் பெயர்ப்பட்டியலே திருத்திவிடும்.

9 கோடி எங்கே போகிறது?

சரி, தொடக்கத்தில் சொன்ன கழித்தல் கணக்குக்கு வருவோம். செய்தியில் வரும் வசூல் என்பது ரசிகர் டிக்கெட்டுக்குக் கொடுத்த மொத்தத் தொகை. அது கீழே இறங்கும் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1. திரையரங்கு தன் பங்கை முதலில் எடுக்கும். நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாகப் பாதிக்குப் பக்கம்.

2. மீதியில் விநியோகஸ்தர் தன் கட்டணத்தையும் விளம்பரச் செலவையும் எடுப்பார். சின்னப் படங்களில் விளம்பரச் செலவு படச் செலவையே தாண்டுவது சாதாரணம்.

3. விநியோகஸ்தர் முன்பணம் கொடுத்திருந்தால் அது தேறும்வரை கீழே ஒன்றும் வராது.

4. விற்பனை முகவரின் கமிஷனும் செலவும்.

5. கடன் கொடுத்தவர்கள், பிறகு முதலீட்டாளர்கள். அரசு நிறுவனங்களும் முதலீட்டாளராக வரிசையில் நிற்கலாம்.

6. எல்லாரும் போட்ட பணம் தேறிய பின் மிச்சம் இருந்தால் அது லாபம். அது முதலீட்டாளருக்கும் தயாரிப்பாளருக்கும் பிரியும். தயாரிப்பாளர் பங்கிலிருந்துதான் பெரும்பாலும் எழுத்தாளருக்கும் இயக்குநருக்கும் ஒப்பந்தப்படி பங்கு போகும்.

சகோதரர்கள் இயக்குநர்கள் என்றால் ஆறாவது படியின் கடைசி வாசலில் நிற்கிறார்கள். அங்கேயும் இன்னொரு சங்கதி: இருவர் இயக்கினால் இரண்டு சம்பளம் என்று இல்லை. பெரும்பாலும் ஒரு சம்பளம்தான். அது இரண்டாகப் பிரியும்.

விழாவில் ஒரு நாட்டின் உரிமையை மொத்தமாக விற்றுவிட்டால் கணக்கே மாறும். அந்த நாட்டில் படம் எவ்வளவு ஓடினாலும், குறிப்பிட்ட வசூலைத் தாண்டினால் கூடுதல் தொகை என்று எழுதியிருந்தாலொழிய, லாபம் வாங்கியவருடையது. விழாவில் விற்கும்போது படம் ஓடுமா என்று யாருக்கும் தெரியாது. பெரிய முன்பணமா, சிறிய முன்பணத்தோடு பங்கா என்று தயாரிப்பாளர் அந்த இரவே முடிவெடுக்க வேண்டியிருக்கும். ‘டாக் டு மீ’ போலப் பல நிறுவனங்கள் போட்டியிடும் படம் என்றால் பேரம் பேச இடம் உண்டு. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

விருதுகள் வேறு கணக்கு. 2024 பிப்ரவரியில் நடந்த ஆக்டா விழாவில் சிறந்த படமும் சிறந்த இயக்கமும் ‘டாக் டு மீ’க்குக் கிடைத்தன. பேய்ப்படத்துக்கு இப்படி நடப்பது அபூர்வம். இந்த மதிப்பு அந்தப் படத்தின் வசூலில் சேராது. அடுத்த படத்தின் நிதிக் கதவுகளைத் திறக்கும்.

சட்டத்தின் கண்ணில் இரட்டையர்

சட்டத்துக்கு இரட்டையர் என்றொரு வகை கிடையாது. தனித்தனி ஆட்கள் இருவர், அவ்வளவுதான். அதனால் வீட்டில் பேசிக்கொள்ளாத விஷயங்களைக் காகிதத்தில் எழுதவேண்டிய நிலை வருகிறது.

1. தார்மீக உரிமை. ஆஸ்திரேலியப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு திரைப்படத்தில் முதன்மை இயக்குநர், முதன்மைத் தயாரிப்பாளர், முதன்மைத் திரைக்கதையாளர் ஆகிய தனிமனிதர்களுக்கு, பெயர் இடம்பெறும் உரிமையையும் படைப்பு சிதைக்கப்படாமல் இருக்கும் உரிமையையும் தருகிறது. கம்பெனிக்கு இந்த உரிமை இல்லை. இயக்குநர் இருவர் என்றால் முதன்மையானவர் யார்? சட்டம் கேட்கும் முன்பே இருவரும் சமம் என்று எழுதி வைத்துவிடுவது நல்லது.

2. சரிபாதிப் பங்குள்ள கம்பெனி. கேட்க அழகாக இருக்கும். ஒரு முடிவில் இருவரும் எதிரெதிராக நின்றால் எதுவும் நகராது. அப்போது யார் சொல் செல்லும், ஒருவர் விலக விரும்பினால் பங்குக்கு விலை எப்படிப் போடுவது என்ற உடன்பாடு தொடக்கத்திலேயே வேண்டும். உறவு நன்றாக இருக்கும்போது எழுதினால்தான் அது நியாயமாக அமையும்.

3. அமெரிக்கச் சங்க விதி. அங்குள்ள இயக்குநர் சங்கத்தின் பொது விதி ஒரு படத்துக்கு ஒரு இயக்குநர் என்பது. தொடர்ந்து சேர்ந்து இயங்கும் உண்மையான கூட்டணி என்று நிரூபித்தால் விலக்கு கிடைக்கும். இரட்டையராகப் பிறந்ததே சான்றாகாது. சேர்ந்து செய்த வேலைதான் சான்று. சொந்தக் காசில் எடுத்த பழைய படங்கள் அங்கே கைகொடுக்கும்.

4. ஒருவர் இல்லாவிட்டால்? முதலீட்டாளரும் உத்தரவாத நிறுவனமும் முக்கிய ஆட்களை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிப்பார்கள். இருவரில் ஒருவர் நோயில் படுத்தால் இன்னொருவர் தொடரலாமா, அல்லது இருவரும் இருந்தே ஆகவேண்டுமா என்பது எழுத்தில் தெளிவாக இருக்கவேண்டும். தொடரலாம் என்று எழுதப்பட்டால் இரட்டை இயக்கம் முதலீட்டாளருக்கு ஒரு பாதுகாப்பு. இருவரும் கட்டாயம் என்று எழுதப்பட்டால் அதுவே இரட்டை ஆபத்து.

தொலைக்காட்சிப் பக்கம்

தொடர்களில் கணக்கு வேறு. திரைப்படத்தில் தயாரிப்பாளர் பல இடத்தில் பணம் சேர்த்துப் படத்தை எடுத்துவிட்டு விற்கலாம். தொடருக்கு முதலில் ஒரு சேனலோ ஓடிடியோ ‘எடு’ என்று சொல்லவேண்டும். வணிகச் சேனல்கள் காலை 6 மணி முதல் நள்ளிரவு வரை 55 சதவீதம் ஆஸ்திரேலிய நிகழ்ச்சி காட்டவேண்டும் என்ற விதி நெடுங்காலமாக உண்டு. நாடகம், குழந்தைகள் நிகழ்ச்சி, ஆவணப்படம் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக இருந்த அளவுகள் 2021இல், மொத்தமாக இத்தனை புள்ளி எடுத்தால் போதும் என்ற ஒரே புள்ளிக்கணக்காக்கப்பட்டன. அதன்பின் சேனல்கள் எதில் புள்ளி மலிவாகக் கிடைக்கிறதோ அதை நோக்கிப் போக முடிந்தது. குழந்தைகள் நாடகம்தான் அடிவாங்கியது.

ஓடிடிகளுக்கு இப்படி எந்த விதியும் இல்லாமல் இருந்தது. 2025 நவம்பரில் அதற்கான சட்டத்தை அரசு கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 10 லட்சத்துக்கு மேல் சந்தாதாரர் உள்ள ஓடிடிகள், அந்நாட்டுக்கான தங்கள் செலவில் 10 சதவீதத்தை அல்லது வருவாயில் 7.5 சதவீதத்தைப் புதிய ஆஸ்திரேலிய நாடகம், குழந்தைகள் நிகழ்ச்சி, ஆவணப்படம் போன்றவற்றில் போடவேண்டும் என்பது இதன் சாரம்.

சின்னத் தயாரிப்பாளர்களுக்கு, அதில் இரட்டையர் கம்பெனிகளும் அடக்கம், இது நல்ல செய்தியா? வேலை கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரிய ஓடிடி முழுச் செலவையும் கொடுத்து, மேலே ஒரு கட்டணமும் கொடுத்து, உலக உரிமையை நீண்டகாலத்துக்கு எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் பரவலான ஒப்பந்த வகை. அதில் நஷ்டம் வராது. தொடர் உலகமெங்கும் ஓடினாலும் கட்டணத்துக்கு மேல் ஒன்றும் வராது, உரிமையும் தங்காது. ஓடிடிகள் எவ்வளவு செலவிட வேண்டும் என்பதுதான் புதிய சட்டத்தின் மையம்; செலவிட்டு எடுத்த தொடர் யாருக்குச் சொந்தம் என்பது ஒப்பந்த மேசையிலேயே தீரவேண்டியிருக்கிறது. அங்கே எதிரே உட்காருவது உலகளாவிய நிறுவனத்தின் வழக்கறிஞர் குழு. இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டே பேர்.